68, 71 எடுத்த பிள்ளைக்கு மூன்றாம் தவணையில் எத்தனை வந்தால் சராசரி 75 வரும்?

கோண்டாவில் அம்மா (ஞாயிறு, இரவு 9.10)

வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். கணிதத்தில் முதலாம் தவணை 68, இரண்டாம் தவணை 71. மூன்று தவணையின் சராசரி 75 வந்தால் பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். மழைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதால் கணிதப் பரீட்சை மட்டும் வருகிற வியாழனுக்குத் தள்ளிப் போய்விட்டது. மற்றப் பாடங்கள் எல்லாம் முடிந்து புள்ளியும் வந்துவிட்டது.

நான் கணக்குப் பார்த்த விதம் இதுதான். 68ஐயும் 71ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 69.5. அதோடு எதைக் கூட்டி இரண்டால் பிரித்தால் 75 வரும்? 80.5. ஆகவே 81 எடுத்தால் காணும், பயப்படாதே என்று பிள்ளைக்குச் சொன்னேன். அவள் "இல்லையம்மா, 86 வேணும்" என்கிறாள். நான் இரண்டு தரம் திரும்பப் போட்டும் 80.5 தான் வருகிறது. கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். கொப்பியை மூடி வைத்துவிட்டுப் பிட்டும் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். யார் சொல்வது சரி? நான் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதி 22 வருடம். யாராவது விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள்.

திருநெல்வேலித் தம்பி (ஞாயிறு, இரவு 9.24)

அக்கா, தங்கச்சி சொன்னதுதான் சரி.

75 × 3 = 225
68 + 71 = 139
225 − 139 = 86

முதலில் அவளை எழுப்பிச் சாப்பாட்டைக் கொடுங்கள்.

பழைய கணக்கு வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.02)

தம்பி விடையைச் சொல்லிவிட்டார். அம்மாவின் கணக்கு எங்கே வழுக்கியது என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதே இடத்தில்தான் வழுக்கும்.

பிள்ளை, முதலில் உங்கள் 81ஐப் போட்டுப் பாருங்கள். 68 + 71 + 81 = 220. மூன்றால் பிரித்தால் 73.33. 75 வரவில்லை. எந்த விடையையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும். நான் 30 வருடத்துக்கு மேல் படிப்பித்ததில் பிள்ளைகளிடம் ஆகக் கூடுதலாகச் சொன்ன வார்த்தை "போட்டுப் பார்" என்பதுதான்.

சராசரி என்பது நிரவல். (பாடப்புத்தகத்தில் 'இடை' என்று இருக்கும். 'இடையம்' வேறு, அது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்.) மூன்று கடகத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றில் 68, ஒன்றில் 71, மூன்றாவது இன்னும் வெறுங்கடகம். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பிரித்தால் கடகத்துக்கு 75 வர வேண்டும். அப்படியென்றால் முற்றத்தில் மொத்தம் 225 பழம் கிடக்க வேண்டும். கையில் 139 இருக்கிறது. மிச்சம் 86ஐ மூன்றாவது கடகந்தான் கொண்டுவர வேண்டும். சராசரியை மறந்துவிட்டு மொத்தத்தில் யோசித்தால் குழப்பம் வராது.

நீங்கள் செய்தது என்ன? 69.5 என்பது இரண்டு பரீட்சையின் சுருக்கம். அதை ஒரு பரீட்சை மாதிரி எடுத்து மூன்றாவதோடு சமமாகச் சேர்த்துவிட்டீர்கள். இரண்டு கடகத்தை ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். சராசரிகளுக்குச் சராசரி எடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கும் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டுந்தான். இங்கே ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று.

90களில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருத்தி வைத்துப் படிப்பித்தபோதும் பிள்ளைகள் இதே பிழையைத்தான் விட்டார்கள். கெட்டித்தனம் இல்லாமல் விடுகிற பிழை இல்லை இது. கணக்கை வேகமாக முடிக்கத் தெரிந்தவர்கள்தான் கூடுதலாக விடுவார்கள்.

திருநெல்வேலித் தம்பி (ஞாயிறு, இரவு 10.20)

சேர் சொன்னதோடு இன்னொரு வழி. பெருக்கல் வேண்டாம், மனதாலேயே செய்யலாம்.

75ஐக் கோடாக வையுங்கள். 68 கோட்டுக்கு 7 கீழே. 71 கோட்டுக்கு 4 கீழே. மொத்தக் கடன் 11. கடைசிப் பரீட்சை தன்னுடைய 75ஐயும் எடுத்து, அந்த 11ஐயும் அடைக்க வேண்டும். 75 + 11 = 86.

உங்கள் 69.5இலிருந்தும் இதற்கு வரலாம். 69.5 கோட்டுக்கு 5.5 கீழே. அது இரண்டு பரீட்சைக்கு உரியது, அதனால் 5.5 × 2 = 11. நீங்கள் அந்த 5.5ஐ ஒரு தரம் மட்டும் கூட்டினதால்தான் 80.5 வந்தது. வழி சரி, இரண்டால் பெருக்க விட்டுப்போயிற்று.

தங்கச்சி ஓ.எல். புள்ளிவிபரத்தில் 'எடுத்துக்கொண்ட இடை' என்று படிக்கிறாளே, அதுவும் இதே யோசனைதான். ஓர் எண்ணைக் கோடாக எடுத்து, விலகலை மட்டும் பார்ப்பது.

கோண்டாவில் அம்மா (திங்கள், காலை 6.05)

சேர், தம்பி, இருவருக்கும் நன்றி. கடகம் விளங்கிவிட்டது. காலையில் எழும்பினவுடன் மகளிடம் நான்தான் பிழை என்று சொன்னேன். "பரவாயில்லையம்மா" என்றாள். ஆனால் முகம் இன்னும் தெளியவில்லை.

இன்னொரு கணக்கு. இந்தத் தவணையின் ஒன்பது பாடச் சராசரியும் 75 வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வந்த எட்டுப் புள்ளிகள் இவை: சமயம் 84, தமிழ் 78, ஆங்கிலம் 61, விஞ்ஞானம் 70, வரலாறு 73, வணிகக் கல்வி 69, சங்கீதம் 81, சுகாதாரம் 76. கணிதத்துக்கு எத்தனை வேண்டும்? இந்த முறை நானே போட்டேன், கோடு போட்டு. 83 வருகிறது. சரியா?

திருநெல்வேலித் தம்பி (திங்கள், காலை 6.40)

மிகச் சரி அக்கா. மேலே 9, 3, 6, 1, மொத்தம் 19. கீழே 14, 5, 2, 6, மொத்தம் 27. கடன் 8. 75 + 8 = 83. அவள் 86 எடுத்தால் இதுவும் தானாக நிறைவேறிவிடும், மொத்தம் 678, சராசரி 75.33.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தவணைச் சராசரியை ஒரு புள்ளி உயர்த்த ஒரே பாடத்தில் 9 புள்ளி கூட எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் புள்ளி ஒன்பது பாடத்துக்கும் பங்கு போகிறது. பாடங்கள் கூடக் கூட, கடைசிப் பாடத்தால் சராசரியை அசைக்க முடிவது குறைந்துகொண்டே போகும். இதனால்தான் முதல் பாடங்களில் விட்டதைக் கடைசியில் பிடிப்பது கஷ்டம். ஆங்கிலத்தில் விட்ட 14 இருக்கிறதே, அதில் பாதியைப் பிடித்திருந்தாலே கணிதத்துக்கு 76 காணும்.

சாவகச்சேரி அப்பா (திங்கள், மதியம் 12.30)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கும் இதே கணக்கைப் போட்டேன். விஞ்ஞானம் 45, 52. 75 சராசரி எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். 225 − 97 = 128. நூறுக்கு மேல் வருகிறது. நான் பிழையாகப் போட்டேனா?

பழைய கணக்கு வாத்தியார் (திங்கள், மதியம் 1.15)

பிழை இல்லை. முடியாது என்று கணக்கு சொல்கிறது. அவனுக்கு 100 கிடைத்தாலும் 197 தான், சராசரி 65.67. மேற்கூரை அதுதான். 75 என்று நீங்கள் சொன்ன அன்றைக்கே அது எட்டாத எண். பிள்ளை அதற்காக இரவிரவாக முழித்திருந்து படித்துக் கடைசியில் சைக்கிளும் இல்லை என்றால், அவன் விஞ்ஞானத்தை மட்டுமா வெறுப்பான்?

பந்தயம் வைக்கிற பெற்றோர் எல்லோரும் முதலில் இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டும். இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். நான் படிப்பித்த காலத்தில் தேவையான புள்ளி 110, 120 என்று வருகிற இலக்கோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்குக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கவில்லை. தங்களில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எட்டக்கூடியதைப் பாருங்கள். சி சித்திக்கு எல்லை 50. 50 × 3 = 150, 150 − 97 = 53. போன தவணையில் அவன் 52 எடுத்தவன். இன்னும் ஒரு புள்ளி. 60 சராசரி என்று வைத்தால் 83 வேண்டும், அது அவனுக்கு இப்போது பாரம். 55 என்று வைத்தால் 68. என்னைக் கேட்டால் சைக்கிளை 55க்கு மாற்றி வையுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதையும் கணக்கோடு அவனுக்குச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி அப்பா (திங்கள், மதியம் 1.40)

சரி சேர். இன்றைக்கே கதைக்கிறேன்.

பருத்தித்துறை ரீச்சர் (திங்கள், மாலை 5.30)

எல்லோரும் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். வகுப்பாசிரியையாகச் சில விடயங்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கொப்பியில் வருகிற விடையும் தேர்ச்சி அறிக்கையில் வருகிற விடையும் சில வேளை வேறாக இருக்கும்.

தசமம். சில பள்ளிக்கூடங்களில் 74.5ஐ 75 ஆக எடுப்பார்கள், சில இடங்களில் 74.99ஐயும் 74 என்றுதான் எழுதுவார்கள். முன்னது என்றால் இந்தப் பிள்ளைக்கு 223.5 − 139 = 84.5, அதாவது 85 காணும். இதை வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வராத பரீட்சை. இது பெரிய விடயம். மாரியில் டெங்கு வந்து ஒரு தவணை எழுதாமல் விட்ட பிள்ளையை எப்படிக் கணக்கெடுப்பது? சுழியம் என்று எடுத்து மூன்றால் பிரித்தால் 71 எடுத்த பிள்ளைக்கு 225 − 71 = 154, முடியவே முடியாது. எழுதிய இரண்டை மட்டும் எடுத்தால் 150 − 71 = 79. ஒரே பிள்ளை, ஒரே காய்ச்சல், ஒரு முறையில் கதவு பூட்டு, மற்ற முறையில் திறப்பு. என் அக்காவின் மகளுக்கு இது நடந்தது. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தும் அறிக்கையில் சுழியம் சேர்த்தே சராசரி போட்டிருந்தார்கள். அக்கா போய்க் கேட்ட பிறகுதான் திருத்தினார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அந்த எண் அப்படியே அவளோடு போயிருக்கும்.

கடைசியாக ஒரு கவலை. 86 என்ற எண்ணை அந்தப் பிள்ளை தலையில் சுமந்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குள் போவது நல்லதா? 71 எடுத்த பிள்ளைக்கு 86 ஒரு மலை. முடிந்ததைச் செய் என்று விட்டால் போதாதா?

பழைய கணக்கு வாத்தியார் (திங்கள், இரவு 7.45)

ரீச்சர், உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளை எண்ணைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். இனி மறைக்க முடியாது. அந்த எண்ணைச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கொடுப்பதுதான் இப்போது நாங்கள் செய்யக்கூடியது.

ஓ.எல். கணிதத்தில் முதலாம் பத்திரம் 100, இரண்டாம் பத்திரம் 100, கூட்டி இரண்டால் பிரிப்பார்கள். முதலாம் பத்திரத்தில் 'அ' பகுதி 25 சிறு வினா, ஒன்றுக்கு 2. 'ஆ' பகுதி 5 வினா, ஒன்றுக்கு 10. மகளின் பள்ளிக்கூடத்திலும் இதே அமைப்பு என்றால் 86 என்பது 200க்கு 172. முதலாம் பத்திரத்தில் 92 வந்தால் இரண்டாவதில் 80 காணும்.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். 200இல் 28 புள்ளியை அவள் இழக்கலாம். இரண்டாம் தவணையில் 71 எடுத்தபோது 58 இழந்திருக்கிறாள். அந்த 58 எங்கே போனது? அந்த விடைத்தாள் வீட்டில் இருக்கும். ஒரு சிவப்புப் பேனை எடுத்து, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள். தெரியாமல் விட்டதா, தெரிந்தும் விட்டதா? அதில் 30ஐ மீட்டால் மலை இறங்கிவிடும்.

திருநெல்வேலித் தம்பி (திங்கள், இரவு 8.10)

ரீச்சர் சொன்ன 'எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்' என்பது கம்பஸிலும் பெரிய விடயம். எங்கள் பாடமொன்றில் இடைநிலை மதிப்பீடு 40 வீதம், இறுதிப் பரீட்சை 60 வீதம். எனக்கு இடைநிலையில் 65. மொத்தம் 70 வேண்டும். 70 × 2 − 65 = 75 என்று நண்பன் போட்டுத் தந்தான். அது இரண்டும் சம பங்கு என்றால்தான் சரி. பங்கோடு போட்டால் 65இன் 40 வீதம் 26. மிச்சம் 44, அதை 60இலிருந்து எடுக்க வேண்டும். 44 ÷ 60, அதாவது 73.33. எண்ணிக்கை சமமில்லாத இடத்தில் அக்கா விட்ட அதே பிழை, வேறு உடுப்பில்.

இரண்டாம் தடவை உயர்தரம் (திங்கள், இரவு 9.30)

நான் ஏ.எல். இரண்டாம் தரம் எழுதப் போகிறேன். மூன்று பாடத்திலும் எத்தனை புள்ளி எடுத்தால் போன வருடப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) வரும் என்று இப்படிக் கழித்துப் பார்க்கலாமா?

திருநெல்வேலித் தம்பி (திங்கள், இரவு 9.55)

பார்க்க முடியாது. ரியூசனில் யாராவது உறுதியாக ஓர் எண் சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள்.

2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு எடுப்பது இசட் புள்ளியை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோரின் இடையைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு) பிரிப்பார்கள். மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளுக்குச் சராசரி எடுப்பார்கள். அதாவது சராசரி இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டிய எண் பரீட்சை முடியும் வரை உலகத்திலேயே இல்லை.

உதாரணத்துக்கு, ஒரு பாடத்தில் எல்லோரின் இடை 50, நியம விலகல் 20 என்றால் 70 எடுத்தவருக்கு இசட் 1. இன்னொரு பாடத்தில் இடை 40, நியம விலகல் 10 என்றால் 60 எடுத்தவருக்கு 2. புள்ளி குறைவு, இசட் இரண்டு மடங்கு. வெட்டுப்புள்ளியும் வருடத்துக்கு வருடம், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, கிளிநொச்சிக்கு இன்னொன்று. அதனால் கடந்தகால வினாத்தாள்களில் உங்கள் புள்ளி மாதா மாதம் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் இரண்டாம் தடவையில்தான் வந்தவன். மனதை விடாதீர்கள்.

வடக்கின் போர் ரசிகன் (செவ்வாய், காலை 7.20)

இந்தக் கணக்குக்குக் கிரிக்கெட்டில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1948 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் டொன் பிரட்மன் கடைசி டெஸ்ட் ஆட வந்தபோது அவருடைய ஓட்டங்கள் 6996, ஆட்டமிழந்தது 69 தரம். சராசரி 101.39. இன்னொரு தரம் ஆட்டமிழந்தாலும் சராசரி 100 நிற்க வேண்டுமென்றால் 70 × 100 = 7000. தேவை 4 ஓட்டம். எரிக் ஹோலிஸின் பந்தில், சந்தித்த இரண்டாவது பந்திலேயே போல்ட் ஆகி 0. 6996 ÷ 70 = 99.94.

தம்பியின் கோட்டு முறையிலும் போட்டுப் பார்த்தேன். 100ஐக் கோடாக வைத்தால் 69 ஆட்டமிழப்புக்கு அவரிடம் 96 ஓட்டம் மேல்மிச்சம். அடுத்ததற்கு 100 − 96 = 4. இங்கே கடன் இல்லை, சேமிப்பு. என் மகனுக்குச் சராசரி விளங்கினது இந்தக் கதையால்தான்.

கோண்டாவில் அம்மா (செவ்வாய், இரவு 10.15)

சேர் சொன்னபடி இரண்டாம் தவணை விடைத்தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்து இருவரும் இருந்தோம். ஒரு மணித்தியாலம் எடுத்தது. 58 புள்ளியையும் பிரித்து எழுதினாள். செ.மீ., ச.செ.மீ. எழுதாமல் விட்டது, அவசரத்தில் கணக்கை மாறி எழுதினது, இப்படித் தெரிந்தும் விட்டது 17. கேத்திரகணித நிறுவல் பாதியில் நின்றது 12. நேரம் காணாமல் தொடாமலே விட்ட கேள்வி ஒன்று, 10. மிச்சத்தில் கொஞ்சம் உண்மையாகவே தெரியாதது.

அதில் ஒன்றை இங்கே எழுதத்தான் வந்தேன். இரண்டாம் பத்திரத்தில் கூட்டமாக்கிய பரம்பலின் இடை காணும் கேள்வி. நடுப்பெறுமானம், விலகல், மீடிறன் (ஒவ்வொரு வகுப்பாயிடையிலும், அதாவது எண் இடைவெளியிலும், எத்தனை பேர்), பெருக்கம், எல்லா நிரலும் சரியாக நிரப்பியிருக்கிறாள். கூட்டினதும் சரி. கடைசியில் மீடிறன்களின் மொத்தம் 40ஆல் பிரிக்காமல், வகுப்பாயிடைகள் 6 என்று ஆறால் பிரித்திருக்கிறாள். ரீச்சர் அதைச் சிவப்பால் வட்டம் போட்டு 3 புள்ளி வெட்டியிருக்கிறார்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை விட்ட பிழையைத்தான் நானும் இதில் விட்டிருக்கிறேன். இந்த வகுப்பில் மூன்று பேர், அந்த வகுப்பில் பதினொரு பேர் நிற்கிறார்கள், நான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டேன்" என்றாள். கொப்பியில் புதுப் பக்கம் எடுத்து, இடது பக்கம் என்னுடைய 80.5ஐயும் வலது பக்கம் தன்னுடைய கேள்வியையும் எழுதி இரண்டையும் திருத்தினாள். இப்போது அந்தப் பக்கம் திறந்தபடி கிடக்கிறது. நிறுவலை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்கப் போகிறாளாம். இன்றைக்கு இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள்.